பால் பொங்கிய கன்டெய்னர்

"இரும்புப் பெட்டிக்குள்ள எண்ணெ காய்ச்சறதுக்கா இவ்ளோ படிச்சே? எத்தினி நாளைக்கு ஓடும் இது?" என்று அம்மா கேட்டாள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் தோல் சீவுகிறவள். மாம்பால் பட்டு அவள் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் வேறு. அந்தத் திமிர் எனக்கு உண்டு. "ஓடும், பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனி, துறைமுகத்தில் கழித்துவிட்ட கன்டெய்னருக்குள் புங்க எண்ணெயை டீசலாக்கும் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தது. அதை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குவோம். ஜனங்கள் புங்கங்கொட்டை கொண்டுவந்து கொடுத்து, தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்கு எரிபொருள் வாங்கிப்போவார்கள். பொறுப்பு முழுக்க என்னுடையது. உள்ளே மெத்தனால் இருக்கும், ஒரு பொறி போதும். கதவின் உட்புறம் சிவப்பு பெயின்டில் நானே எழுதினேன்: 'உள்ளே நெருப்பு கூடாது.'

பாரூரில் மேட்டில் இறக்கி வைத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் கரை உடைந்து குடிசைகள் சரிந்தன. எங்களுக்குக் கொட்டை பொறுக்கித் தந்த ஒருத்தி, புருஷனோடும் பிள்ளைகளோடும் நனைந்துகொண்டு வந்து நின்றாள். முதலாளிக்கு போன் செய்தேன். "மெஷினை எடுத்துட்டு அவங்களை உள்ள விடும்மா. மழை நின்னா திரும்ப மாட்டிக்கலாம்" என்றார். பக்கத்தில் ஓடாமல் கிடந்த வெல்ல ஆலைக் கொட்டகைக்கு இயந்திரத்தை நகர்த்தினோம்.

"பால் காய்ச்சாம எப்பிடிக்கா குடி போறது?" என்றாள் அவள்.

"மெத்தனால் வாசம் இருக்குது. உள்ள மட்டும் பத்த வெச்சிடாத."

வெளியே கல் கூட்டிப் பற்ற வைத்தாள். பொங்குவதற்குள் தூறல் அடுப்பை அணைத்துவிட்டது. "பொங்கலியே. அப்ப இது வீடில்ல, சும்மா ஒதுங்கியிருக்கறோம்" என்று துணி மூட்டையை அவிழ்க்காமலே ஓரமாக வைத்தாள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

மழை நின்றது. அவர்கள் கிளம்பவில்லை. வெயிலில் கன்டெய்னர் கொதித்ததால் கூரைமேல் கரும்புச் சோகை பரப்பினார்கள். முதலாளி கூப்பிட்டார். "இந்த வாரம் காலியாகலேன்னா ஆய்த்தும்மா, இந்தத் தொழிலையே மூடிட வேண்டியதுதான்."

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதவுத் தாழ்ப்பாளில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே மூட்டையைக் காணோம், துணிகள் கொடியில் தொங்கின. என் சிவப்பு எழுத்துக்குக் கீழே புதுக் கரி.

"வாங்கக்கா! இன்னிக்குத்தான் பால் காய்ச்சினோம். வாசமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. கிழக்கால பொங்குச்சு பாருங்க!"

"உள்ள நெருப்பு கூடாதுன்னு எழுதியிருக்குதே?"

"எனக்கெங்க படிக்கத் தெரியுது? இவரைக் கேட்டா, அது மெஷினுக்கு எழுதினது, நமக்கில்லேங்கறாரு" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "கரையில இனி குடிசை போடக்கூடாதுன்னுட்டாங்கக்கா."

டம்ளரை என் கையில் கொடுத்தாள். குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கம்பெனி அந்தத் தொழிலை மூடியது; கன்டெய்னர் அவர்களோடு பாரூரிலேயே கிடந்தது. அம்மா கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "எங்க ஆலையில ஆபீசுக்கு ஆள் எடுக்கறாங்களாம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். கிண்டலே தேவலை என்றிருந்தது. இயந்திரம் ஓடிய நாட்களில், காலையில் கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அடியில் கழிவான கிளிசரின் கறுப்பாகத் தங்கி, மேலே என் டீசல் தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். அதைப் பார்க்காத காலைகளில் எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக முதலாளி சொன்னபோது, எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்துவிட்டார். வெல்ல ஆலைக் கொட்டகைக்காரரிடமும் பேசிவிட்டேன். இன்று காலை இயந்திரத்தின் கால்களை அங்கேயே தரையோடு போல்ட் போட்டு முறுக்கினோம். கன்டெய்னரிலிருந்து அவள் ஒரு மூட்டைக் கொட்டையைத் தலையில் சுமந்து வந்து இறக்கினாள். கொட்டகைக் கதவில் மறுபடியும் எழுதிவிட்டேன், உள்ளே நெருப்பு கூடாது என்று. இந்த முறை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன்.