வாடைக் காற்றும் எங்கள் கயாக்கும்

கோவில்பட்டிக்காரரான என் கணவருக்குக் கடல்மேல் கொள்ளை ஆசை. போன கார்த்திகையில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு வாங்கி, ஒரு ஞாயிறன்று வேம்பார்க் கடலில் மீன்பிடிக்கத் திட்டமிட்டார். முதல்நாள், அங்கே மீன்பிடிக்கும் என் தம்பியிடம் போனில் கடலைப் பற்றி விசாரித்தார்.

"வாடை எப்பக் கூடும்னு சொல்ல முடியல அத்தான். நாங்களே யோசிக்குதோம். இப்ப வேண்டாம்."

போனை வைத்தவர் சாப்பிடவே வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

"நம்ம கண்மாய்ல தண்ணி கெடக்குல்லா. நாளைக்கு அங்கன போவோம். நானும் வாரேன்," என்றேன்.

மறுநாள் கரிசல் சேற்றில் கால் புதையப் புதைய, இருவரும் கயாக்கை இறக்கினோம். நான் துடுப்புப் போட, அவர் தூண்டில் போட்டார். மதியத்துக்குள் இரண்டு ஜிலேபிக் கெண்டைகள் மாட்டின. பூரித்துப்போய்த் தம்பிக்கு போட்டோ அனுப்பினார்.

அவன் உடனே கூப்பிட்டான். "காத்து அடங்கலன்னா அடுத்த வாரம் நான் அங்கன வாரேன் அத்தான்."