கிராக்கோவில் அமலராணி டீச்சர் கழற்றிய ஷூ

அமலராணி டீச்சருக்குப் பிடிவாதம் அதிகம். பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்தியவர். அதே பள்ளியில் நான் தமிழ். போலந்தில் கிராக்கோவ் என்கிற பழைய நகரத்துக்குப் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து டூர் போகிறார்கள் என்று தெரிந்ததும், பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் மகளிடமே சொன்னார்.

நாவலூரில் வேலை பார்க்கும் மகள் சுஜிக்குப் பயம். டீச்சருக்கு இருபது வருஷச் சர்க்கரை; பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நீங்க கூடப் போறீங்கன்னுதான் ஆன்ட்டி அனுப்புறேன். கால்ல சின்னதா ஏதாவது தெரிஞ்சாலும் எனக்குச் சொல்லிடுங்க" என்றாள். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே, டீச்சரின் வலது பெருவிரலுக்கு அடியில் மிளகளவு ஒரு புண்ணைப் பார்த்தேன்.

"சுஜிகிட்ட சொன்னா அடுத்த ஃப்ளைட்லயே ஏத்திடுவா. பிளாஸ்திரி போட்டு விடு, வாயைத் தெறக்காத" என்றார்.

எனக்கும் ஊர் சுற்றுகிற ஆசை, ஒளிப்பானேன். போட்டு விட்டேன். சுஜி தினமும் வீடியோவில் கூப்பிட்டாள். கால் நன்றாக இருக்கிறது என்று தினமும் சொன்னேன். ராஜா அரண்மனை பார்த்தோம். உப்புச் சுரங்கத்துக்குள் உப்பிலேயே குடைந்த கோயிலைப் பார்த்தோம். பிளாஸ்திரி மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது.

நாலாம் நாள், பெரிய சதுக்கத்தின் மூலையில் இருக்கும் மாதா கோயில். வெளியே பனி உருகி ஒரே ஈரம். வாசலுக்கு வந்ததும் டீச்சர், நம்மூர்க் கோயிலில் செய்கிற மாதிரியே, சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்த ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். இங்கே யாரும் கழற்றவில்லை, வேண்டாம் டீச்சர் என்று கையைப் பிடித்தேன்.

"யார் கழட்டலன்னா எனக்கென்ன? மாதா முன்னாடி ஷூவோட நிக்கச் சொல்றியா?"

எனக்குமே ஷூவோடு நுழையக் கூச்சமாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன். உள்ளே, மரத்தில் செதுக்கிய பெரிய பீடத்தைப் பார்த்து டீச்சர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்தால் ஷூவைக் காணோம். கேட்பாரற்றுக் கிடக்கிறதென்று யாரோ எடுத்துப் போட்டிருக்க வேண்டும். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கருங்கல் தெருவில், நனைந்த சாக்ஸோடு இருபது நிமிஷம் நடந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். வலிக்காததுதானே வியாதியே! அது அப்போது என் மரமண்டையில் உறைக்கவில்லை. பஸ்ஸில் ஏறி சாக்ஸைக் கழற்றினால், குதிகால் வரைக்கும் ரத்தம்.

அன்றைக்கும் சுஜி கூப்பிட்டாள். அன்றைக்கும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள், புண் புரையோடிப்போய், தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆபரேஷன் முடியும்வரை நானும் சுஜியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"புண் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க பார்க்கவே இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"பார்த்தேன்மா" என்றேன்.

சுஜி எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.