கறுப்பு ரோமம் தீட்டப் பழகியது

அக்கா எடுக்கும் புகைப்படங்களில் அந்தப் பூனை எப்போதும் ஒரு கறுப்புப் பொட்டலமாகத்தான் விழும். சன்னலோரம் உட்காரவைத்து எடுத்தாள். வெள்ளைத் துண்டை விரித்து எடுத்தாள். மடியில் போட்டுக்கொண்டு என்னை எடுக்கச் சொன்னாள். எல்லாவற்றிலும் இரண்டு மஞ்சள் கண்கள் தெரியும், அவற்றைச் சுற்றி வெறும் இருட்டு.

ஜெலுத்தோங் பாசாரில் மீன் கடைகளுக்குப் பின்னால், காது கிழிந்து முதுகெல்லாம் சொறியோடு கிடந்ததை அவள்தான் தூக்கி வந்தாள். வயதான கடுவன். வந்த முதல் நாளிலிருந்தே அக்கா அதைப் 'பெரியவர்' என்றுதான் கூப்பிட்டாள். அக்காவும் நானும் மட்டும் இருக்கும் இரண்டு அறை வீடு எங்களுடையது. அவள் பல் மருத்துவமனை ஒன்றில் முகப்பு வேலை பார்க்கிறாள். மிச்ச நேரமெல்லாம் தெருப் பூனைகளுக்கு. ஒன்றைக் கொண்டுவந்து தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்த பிறகுதான் அடுத்தது வரும். பெரியவர் தேறி மாதக்கணக்காகிவிட்டது. முகநூலில் படம் போட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதே பதிவில் வேறொரு வீட்டுக்காரர் கேட்டதற்காக அவள் போட்ட செம்பட்டைக் குட்டிகளுக்கு அன்றைக்கே ஆள் வந்தது.

"நீதான் அந்த டேப்லெட்ல என்னமோ கிறுக்கிக்கிட்டே இருக்கியே, இவரையும் வரைஞ்சு குடேன். போட்டோல விழ மாட்டேங்கிறாரு லா," என்றாள் ஒரு நாள் காலையில்.

நான் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நுண்ணோக்கிக்குக் கீழே சின்னஞ்சிறு மின்தகடுகளை வைத்து, அவற்றில் ஓடும் கோடுகளில் எது அறுந்திருக்கிறது, எது பக்கத்துக் கோட்டோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஊரடங்குக் காலத்தில் வாங்கிய டேப்லெட்டில் கோப்பிக் கோப்பைகள், பழைய கடைவீட்டுச் சன்னல்கள், ரம்புத்தான் பழங்கள் என்று வரைந்து பழகியிருந்தேன். உயிருள்ள எதையும் தொட்டதில்லை. ரம்புத்தானில்கூட முடி இருக்கிறதே, பூனை மட்டும் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் படத்தில் ஒவ்வொரு முடியாகப் போட்டேன். விடுமுறை கிடைத்த நாளெல்லாம் உட்கார்ந்து, திரையைப் பெரிதாக்கி, நெற்றியிலிருந்து வால் வரை கோடு கோடாக இழுத்தேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். திரையைச் சுருக்கி முழுப்படத்தையும் பார்த்தபோது எனக்கே என்னவோ போலிருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, இது பூனையா, தேங்காய் நாரா என்று கேட்டாள்.

அடுத்து இணையத்தில் ஒரு ரோமத் தூரிகை கிடைத்தது. ஒரு தடவை இழுத்தால் கொத்தாக முடி விழும். ஒரு மாலையிலேயே பூனை முழுவதும் மூடிவிட்டது. ஆனால் அது பூனை வடிவில் வெட்டிய கம்பளம். உள்ளே எலும்பும் இல்லை, மூச்சும் இல்லை. அதையும் அழித்தேன்.

பிறகு ஒரு காணொளியைப் பார்த்தேன். எனக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் பேசிக்கொண்டே ஒரு பெண் நரியை வரைந்தாள். அரை மணி நேரமாகியும் அவள் ஒரு முடிகூடப் போடவில்லை. களிமண்ணில் பிடித்த பொம்மை மாதிரி மொழுமொழுவென்று ஒரு நரி. அதன்மேல் நிழலும் வெளிச்சமும் மட்டும். பொறுமையிழந்து ஓட்டிப் பார்த்தேன். முடி கடைசியில்தான் வந்தது. அதுவும் காது நுனி, கழுத்து, முதுகின் ஓரம் என்று அங்கங்கே கொஞ்சம். அப்படியும் அந்த நரியைத் தொட்டால் கை புதையும் போலிருந்தது. காணொளியை முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டேன்.

அவள் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது பெரியவரின் குளியலில்தான். சொறி திரும்ப வராமலிருக்க ஞாயிறுதோறும் மருந்துக் குளியல் உண்டு. அக்கா பிடித்துக்கொள்வாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். அன்று தண்ணீர் பட்டதும் ரோமமெல்லாம் உடம்போடு ஒட்டி, உள்ளிருந்த மெலிந்த கிழவர் வெளியே வந்தார். தோள்பட்டை எலும்பு எங்கே எழும்புகிறது, கழுத்துத் தோல் எங்கே மடிகிறது, எல்லாம் தெரிந்தது. நான் வரைய வேண்டிய களிமண் பொம்மை இதுதான். துண்டால் துவட்டியதும் முடிகள் சின்னச் சின்னக் கற்றைகளாகச் சேர்ந்து நின்றன. கற்றைக்கும் கற்றைக்கும் நடுவில் மட்டும் ஆழ்ந்த நிழல். காயக் காயக் கற்றைகள் மெல்ல அவிழ்ந்து ஒன்றோடொன்று கலந்தன. நான் குழாயை மூடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்ததற்கு அக்காவிடம் திட்டு வாங்கினேன்.

அதன்பிறகு விரலால் தடவித் தடவிப் படித்தேன். மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும் முடி, காதடியில் சுழித்து, கழுத்தில் இறங்கி, நெஞ்சில் இரண்டாகப் பிரிகிறது. புகைப்படத்தின் மேல் அந்தப் போக்கையெல்லாம் அம்புக்குறிகளாகப் போட்டு வைத்தேன். போடாமல் விடுவதுதான் சிரமமாக இருந்தது. ஒரு கோடு விட்டுப்போனாலும் தப்பு என்று வேலையில் பழகிய கண் என்னுடையது. இங்கே பெரும்பாலான முடிகளை விட்டுவிட வேண்டும். பார்ப்பவர் கண் அவற்றைத் தானே போட்டுக்கொள்ளும். இதை நம்புவதற்கு எனக்குப் பல படங்கள் தேவைப்பட்டன.

நிறமும் அப்படித்தான். மழை விட்ட ஒரு காலையில் பெரியவர் நடைபாதை வெயிலில் போய்ப் படுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கறுப்பு என்று நான் நினைத்த முதுகு கோப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. வானம் பார்த்த பக்கம் சாம்பல் கலந்த நீலம். தாடைக்குக் கீழே லேசாகச் செம்மை ஓடியது. கறுப்பைக் கண்மணிக்கும் கற்றைகளின் ஆழத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலிருந்து எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் தோள் மேட்டில் நீலத்தை லேசாக இழுத்தபோது, தட்டையாகக் கிடந்த பூனை திடீரென்று திரண்டு எழுந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் சும்மா ஒரு சுற்று நடந்து வந்தேன்.

முடிந்த படத்தை அக்காவிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு வீட்டுப் பூனை?"

காதை முழுசாக வரைந்திருந்தேன். சொறி ஆறிய முதுகுத் தழும்பின் மேலும் ரோமம் போட்டு மூடியிருந்தேன். அழகாக இருந்தால்தானே ஆள் வருவார்கள் என்றேன். வருகிறவர்கள் இவரைத்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றாள் அவள். படத்தில் காதைக் கிழித்து, தழும்பையும் திறந்துவிட்டேன். தழும்பில் புது முடி எதிர்த்திசையில், நடுவில் சில வெள்ளை இழைகளோடு முளைத்திருந்தது. படத்திலேயே என்னை அதிகம் பாடுபடுத்திய இடம் அதுதான். நன்றாக வந்ததும் அதுதான்.

பதிவு போட்டதும் பாராட்டு குவிந்தது. போட்டோ இல்லையா, வரைந்ததா என்று ஆச்சரியப்பட்டார்கள். அச்சுப் படம் கிடைக்குமா என்று கேட்டார்கள். பூனையை மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு மனசு விட்டுப்போனது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பதிவின் கீழே எழுதினாள்: படம் இலவசம், ஆனால் வீட்டுக்கு வந்து, படத்தில் இருப்பவரை நேரில் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வந்தார்கள். பக்கத்து புளோக்கின் சீனக் கிழவியம்மா, கல்லூரி மாணவிகள் இருவர், இன்னும் சிலர். தலையைத் தடவிவிட்டுப் படத்தோடு போனார்கள். பெரியவர் யாருக்காகவும் கண்ணைத் திறக்கவில்லை.

ஒரு பிற்பகலில், டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். மனைவி போனில் பார்த்துவிட்டுப் படம் கேட்டாராம். முன்பு வளர்த்த பூனை செத்ததிலிருந்து இனிமேல் பூனையே வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாராம். படமாக மாட்டிக்கொள்ளலாமே என்றுதான். நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் சம்மணமிட்டார். கையில் மீன்கறி வாசம் இருந்திருக்க வேண்டும். பெரியவர் கண்ணைத் திறந்து, அந்தக் கையை நிதானமாக முகர்ந்து, பிறகு அதன்மேலேயே தாடையை வைத்துக்கொண்டார். கடைக்காரர் மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டே போய்த் தழும்பில் நின்றார்.

"படத்துல இந்த எடத்துல முடி எதிர்ப்பக்கமா போவுது. தெரியாம வரைஞ்சிட்டாங்கன்னு நெனச்சேன் தங்கச்சி," என்றார். "நெசமாவே அப்படித்தான் இருக்கு."

அங்கிருந்தே மனைவியைக் காணொளியில் அழைத்தார். போனைப் பூனைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது: "என்ன சாப்பிடுவாரு?"

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் மூங்கில் கூடையோடு வந்தார்கள். அக்கா மருந்து ஷாம்புவைக் கொடுத்து, குளிப்பாட்டும் விதத்தை இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல ஆரம்பித்தபோது அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகுதான் பார்த்தோம், சுருட்டி ரப்பர் போட்டு வைத்திருந்த படம் மேசையிலேயே கிடந்தது. அக்கா போன் போட்டாள். வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னதற்குக் கடைக்காரர் சிரித்தார். "ஆளே வந்துட்டாரு லா, படம் எதுக்கு," என்றார்.

இப்போது பூனை காப்பவர்கள் வேறு சிலரும் எனக்குக் கறுப்புப் பொட்டலப் படங்களை அனுப்புகிறார்கள். வரைந்து கொடுக்கிறேன். சிலவற்றுக்கு வீடு கிடைத்திருக்கிறது, சில இன்னும் காத்திருக்கின்றன. போன வாரம் சுங்கை பாக்காப்பில் ஒரு கறுப்பு நாயைப் பார்க்க அக்கா ஓட்டும் காடியில் போனோம். நாய் முடி குட்டையானது, சொரசொரப்பு வேறு. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கவும் அதற்குத் தெரியவில்லை. நான் திரையில் அம்புக்குறி போடப் போட அது நக்கி நக்கித் திரையை ஈரமாக்கியது. ஒரு கையால் அதன் கழுத்தை அணைத்து, மறு கையின் விரலால் முடி எந்தப் பக்கம் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று காடியிலிருந்து கேட்டாள் அக்கா. இப்போதுதான் காதுக்கு வந்திருக்கிறேன் என்றேன்.