தங்கைக்கென்று எழுதிய மன்றாட்டு

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கான மன்றாட்டுகளை அன்பியங்கள் முறை வைத்து எழுதும். துறைமுகத்தை அண்டிய தெருக் குடும்பங்கள் சேர்ந்தது எங்கள் அன்பியம். முறை வந்தால் பேனை என் கைக்குத்தான் வரும். என் கையெழுத்து வடிவு என்பார்கள். ஃபாதர் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்.

"மன்றாட்டிலை ஆருக்கும் பிரசங்கம் வையாதேங்கோ. கோயிலிலை இருக்கிற எல்லாரும் மனசாரச் சொல்லக்கூடிய வேண்டுதலாய் இருக்கவேணும்."

அந்த வாரம் அது என் காதில் ஏறவில்லை. மகளுக்குப் பேசிய சம்பந்தம் நாலு மாதத்துக்கு முன் குழம்பியிருந்தது. அடுத்த வீட்டில் இருக்கும் என் தங்கைதான் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஏதோ கதைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் சந்தையிலும் தையல்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் சொல்லித் தீர்த்தேன். அதிலிருந்து நாங்கள் முகம் பார்க்கவில்லை. அவளோடு கதைக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கோபம் விடவில்லை.

திருச்சபைக்கு, நாட்டை ஆள்வோருக்கு, கடலுக்குப் போனவர்களுக்கு, நோயாளிகளுக்கு என்று நாலை எழுதினேன். ஐந்தாவதை அவளுக்கென்றே எழுதினேன். பூசையில் வாசித்ததும் நான்தான்.

"வீட்டுக்கு வீடு கதை காவி அடுத்தவர் குடும்பத்தைக் குலைப்பவர்கள் மனந்திரும்ப வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

வாசித்துவிட்டு, அவள் இருந்த மூன்றாம் வரிசை வாங்கை நேராகப் பார்த்தேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை பதில் சொன்னது. தங்கை கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும்விட உரத்துச் சொன்னாள். இவளுடைய நெஞ்சழுத்தத்தைப் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வந்து என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் அவையளோடை ஒண்டும் கதைக்கேல்லை. நீங்கள் ஊரெல்லாம் அப்பிடிச் சொல்லித் திரியிறதைக் கேட்டு எவ்வளவு அழுதனான் தெரியுமே? இண்டைக்கு உங்கட பிழைக்கு நீங்களே எல்லாருக்கும் முன்னாலை மன்றாடினீங்கள். நானும் உங்களுக்காக மன்றாடினனான்."

'அது உன்னைத்தானடி' என்று வாய் வரைக்கும் வந்தது.

"ஓம்," என்றேன்.

பொய்யாகத்தான் சொன்னேன். கடற்கரை வீதியால் அவளோடு வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான், நாலு மாதமாகக் கதை காவித் திரிந்தது யார் என்று எனக்கு உறைத்தது. வெட்கத்தில் நடுவீதியில் நின்று அழுதேன்.