கரைக் கட்டத்தில் குடியிருந்தவர்கள்

என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் அட்டைக் கப்பல் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு, சாம்பல் நிறம், ஓரம் பிய்ந்து பஞ்சாகிவிட்டது. அது என் நாத்தனாருடைய கப்பல்.

அறுபதுகளில் அவருடைய வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து மகனுக்கு வாங்கிவந்த போர் விளையாட்டுப் பெட்டியில் இருந்தது. பழைய கடற்போர் ஒன்றின் வரைபடம், அதில் கட்டங்கள், இரண்டு நிறத்தில் கப்பல்களும் படைகளும், ஒரு பகடை. மகன் நாலு நாளில் அலுத்துப்போய்ப் பந்தடிக்கக் கிளம்பிவிட்டான். கானாடுகாத்தானில் நாங்கள் ஒன்றாகக் குடியிருந்த பெரிய வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழித்திருப்பது நாத்தனாரும் நானும்தான்; பெட்டி எங்களிடம் வந்து சேர்ந்தது. விதிகளெல்லாம் இங்கிலீஷ். பள்ளி இறுதிவரை படித்த நான் வாசித்துச் சொல்வேன். நாத்தனாருக்குப் பிடித்தது ஒரே விதிதான். கரையை ஒட்டிய கட்டத்துக்குக் கப்பல் வந்தால் ஊரைச் சுடலாம். ஆனால் கரைப் பீரங்கிதான் முதலில் சுடும், அதில் தப்பினால்தான் கப்பலின் முறை. நான் நாலு தடவை யோசிப்பேன். அவரோ, "வந்தது வரட்டும், பகடையப் போடு" என்று நேரே துறைமுகத்துக்கு விடுவார். சரியான எம்டன். தோற்றாலும் சிரிப்பு, ஜெயித்தாலும் சிரிப்பு. எனக்குப் பொறாமையாக இருக்கும்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது அந்த மகன் கடற்படையில் இருந்தான். வட்டித்தொழில் குடும்பத்தில் கப்பலுக்குப் போனவன் அவன் ஒருவன்தான். கடிதம் நின்றுபோனது. ரேடியோவில் கப்பல் என்ற சொல் வந்தாலே நாத்தனார் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். ஒரு மதியம் அவரே பெட்டியை எடுத்துவந்து வரைபடத்தை விரித்து, இந்தச் சாம்பல் கப்பலை நடுக்கடலில் வைத்தார்.

"இது இங்குட்டே கெடக்கட்டும். கரைப்பக்கம் யாரும் நகட்டக் கூடாது, ஆமா."

"சரி ஆச்சி. காலையிலருந்து சாப்பிடாம இருக்கீக, வாங்க" என்றேன். நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

வரைபடம் விரித்தபடியே கிடந்தது. கூட்டுகிறவளும் அதைச் சுற்றித்தான் கூட்டினாள். நான் சிரிக்கவில்லை. அட்டைக்குக் காவல் இருந்தால் பிள்ளை பிழைப்பான் என்றால் நானும் இருக்கத் தயாராக இருந்தேன்.

பிள்ளை வந்துவிட்டான், இளைத்துக் கறுத்து. நாத்தனார் வெள்ளைப் பணியாரம் ஊற்றி ஊற்றித் தட்டில் வைத்தார். தின்றுகொண்டே அவன், தங்கள் கப்பல் இருட்டில் ஒரு கரையை நெருங்கிச் சுட்டதைச் சொன்னான். கரையிலிருந்து பதிலே வரவில்லையாம். எனக்கு உயிர் வந்தது. நாத்தனார் கரண்டியோடு நின்றார்.

"அங்குட்டு கரையில யாருப்பா இருந்தாக?"

"கப்பல்லருந்து ஆள் தெரியாது ஆத்தா. வெளிச்சந்தான் தெரியும்."

அதற்குமேல் அவன் தின்னவில்லை.

மறு வாரம் ஆட உட்கார்ந்தபோது அவர் ஒரு விதியைச் சேர்த்தார். கப்பல் சுடுவதற்கு முன்னால், அந்தக் கட்டத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஊர்ப்பக்கம் ஆடுகிறவர் சொல்ல வேண்டும்.

"புத்தகத்துல இல்லையே ஆச்சி?"

"எழுதுனவனுக்குத் தெரியல. நீ சொல்லு."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். உப்பு விற்கிறவள் ஒருத்தி, காது மந்தம், வெடிச்சத்தம் கேட்காது. கருவாடு காயவைக்கிற அண்ணன் தம்பி, இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மறுநாள் நிச்சயதார்த்தம் வைத்திருக்கிற ஒரு வீடு. பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கேட்டிருந்த நாத்தனார், "அந்தப் பொண்ணு பேரென்ன?" என்றார். சொன்னேன். கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு நாங்கள் ஆடிய எந்த ஆட்டமும் முடிந்ததில்லை. போர் என்று பார்த்தால் தேறாது, ஆனால் அந்த ஊர்களில் குடித்தனம் நன்றாக நடந்தது.

நாத்தனார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. போன மாதம் என் பேத்தி கம்ப்யூட்டரில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு கப்பல் கரையோர ஊர் ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அந்த ஊர்ல யாரு இருக்காக?"

"யாருமில்ல ஆயா. சும்மா படம்."

கண்ணாடிக் கூட்டைத் திறந்து, சாம்பல் கப்பலை அவள் கைப்பக்கம் வைத்தேன். "சுடு, நான் வேணாங்கல. மொதல்ல சொல்லி முடிச்சிர்றேன்" என்று, உப்பு விற்கிறவளிலிருந்து ஆரம்பித்தேன்.