கடலுக்குப் போன வண்டல்

வண்டல் காய்ந்தால் அப்பளம்போல ஓரம் சுருண்டு எழும். அதன்மேல் வெறுங்காலுடன் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறிவுச் சத்தம் கேட்கும். மேல் ஓடு உடைந்ததும் அடியில் இருக்கும் ஈரம் பாதத்தில் குளிரும். கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகும் தொலைவில் இருந்த சித்தியின் படுகையில்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். படுகை என்றால் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம். வெள்ளம் வரும்போது முதலில் மூழ்கும். வடியும்போது கடைசியில் வெளியே தெரியும். சித்திக்கு அதில் முக்கால் ஏக்கர் இருந்தது. வீடும் அதன் மேட்டு ஓரத்திலேயே இருந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர். சனிக்கிழமை மாலை வந்து, ஞாயிறு மாதா கோயிலில் பூசை பார்த்து, திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் இரண்டு பிள்ளைகள், ஒரு பசு, ஆறு எல்லாம் சித்தியின் பொறுப்பு. தொண்ணூறுகளின் நடுவில் நான் அரியலூரில் ஒரு நாளிதழின் செய்தியாளனாகச் சேர்ந்தேன். தனியறை வாசம், ஓட்டல் சோறு. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். படுகைக் கத்திரிக்காயை அவர் வெறுமனே உப்பும் மிளகாயும் போட்டு வதக்குவார். வாயில் வைத்தால் தோல் எது, சதை எது என்று தெரியாது. அந்த ருசிக்குப் புளியோ மசாலாவோ தேவைப்படவில்லை.

வெள்ளம் வடிந்ததும் சித்தி முதலில் செய்கிற காரியம், நிலத்தில் இறங்கிக் கையை வண்டலுக்குள் செருகிப் பார்ப்பது. விரல் மட்டும் போனால் சுமாரான ஆண்டு. மணிக்கட்டு வரை புதைந்தால் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அதன் பிறகு வரப்பு தேடுவார்கள். ஆறு கொண்டுவந்து போட்ட சேற்றுக்கு அடியில் எல்லா வரப்பும் மறைந்திருக்கும். எது யாருடையது என்று பார்த்தால் தெரியாது. அந்தப் படுகையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தன் நிலத்தின் எல்லையை யாரும் தானே சொல்லக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம்தான் எல்லை. பிறர் பார்க்க நிற்பதாலோ என்னவோ, பெரும்பாலும் எல்லோரும் ஓரடி பின்வாங்கியே நின்றார்கள். சித்திக்கு எல்லை சொல்ல வேண்டியவர் பக்கத்து நிலத்து அக்கா. அவர் ஒவ்வோர் ஆண்டும் கயிற்றோடு வேண்டுமென்றே முன்னால் வந்து நின்று வம்பு இழுப்பார்.

“ஒம் புருசன் மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறாரு. ஒனக்கு எதுக்குடி இந்த ஒரு மொழம்?”

“நீ வேணா அவரையும் சேத்து எடுத்துக்க. திங்கக்கெழம காலையில சோறு கட்டிக் குடுக்குற வேல மிச்சம்” என்பார் சித்தி.

சிரித்து முடித்ததும் அக்கா பின்னால் நகர்ந்துகொள்வார். கயிறு சரியான இடத்துக்கு வந்துவிடும்.

இதெல்லாம் தண்ணீர் வடிந்த பிறகு நடப்பவை. வடிவதற்கு முன்பு சித்தி பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஆடியில் மேலணையிலிருந்து உபரி நீர் வரும். ஐப்பசியில் மழை வெள்ளம் வரும். அந்த மாதங்களில் சித்திக்கு உறக்கம் கிடையாது. கட்டில் கால்கள் எப்போதும் செங்கல் மேல்தான் நிற்கும். பிள்ளைகளின் சான்றிதழ்களும் நிலப்பட்டாவும் பரண்மேல் மூட்டையாகக் கட்டிக் கிடக்கும். ஒருமுறை தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது கன்றுக்குட்டியை அவிழ்க்க நேரம் போதவில்லை. பசுவை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. பல நாள் அந்தப் பசு கத்திக்கொண்டே இருந்தது என்று சித்தப்பாதான் சொன்னார். சித்தி அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அங்கே புதிய கரை கட்டப் போகிறார்கள் என்றதும் ஊரே மகிழ்ந்தது. ஆனால் முதலில் போட்ட திட்டப்படி கரை ஊருக்கும் படுகைக்கும் நடுவில் வந்தது. ஊர் கரைக்கு உள்ளே இருக்கும். படுகையும் அதை ஒட்டிய ஏழெட்டு வீடுகளும் ஆற்றின் பக்கம் விடப்படும். அந்த வீட்டுக்காரர்களுக்கு மேட்டில் மாற்றிடம் தருவதாகச் சொன்னார்கள். கோயில் வராந்தாவில் கூட்டம் நடந்தது. செய்தியாளன் என்ற முறையில் நானும் இருந்தேன். பொறியாளர் நடுவயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்திருந்தார். கரையை ஆற்றோரமாகத் தள்ளிக் கட்ட வேண்டும், படுகையையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்று படுகைக்காரர்கள் சார்பில் பேசியது சித்திதான். பொறியாளர் எதையும் மறைக்கவில்லை.

“கட்டலாம்மா. ஆனா ஆத்துக்கு எடம் குறையும், தண்ணி ஒசரமா போகும். அது ஒண்ணு. இன்னொண்ணு, உங்க நெலத்துக்கு வண்டல் வராது. யோசிச்சுச் சொல்லுங்க.”

“வண்டல் வராட்டிப் போவுது சார். எனக்குத் தூக்கம் வேணும்” என்றார் சித்தி.

வராந்தாவில் யாரும் சிரிக்கவில்லை. பல மாதம் கழித்து, பல மனுக்களுக்குப் பிறகு, கரை அவர்கள் கேட்ட இடத்திலேயே வந்தது. நான் அதைப் படத்தோடு செய்தியாக எழுதினேன்.

கரை வந்த பிறகு நான் பார்த்த மாற்றங்களில் பெரியது அந்தச் செங்கற்கள். கட்டில் கால்களுக்கு அடியிலிருந்து அவற்றை உருவிப் பசுவுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். வீட்டுக்கு மொசைக் தரை வந்தது. சான்றிதழ்கள் பரணிலிருந்து இறங்கி பீரோவுக்குள் போயின. ஓர் ஐப்பசி ஞாயிற்றில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, சித்தி மதியம் சாப்பிட்டுவிட்டுத் தலையணை வைத்துப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கியதைப் பார்த்தேன். சித்தப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார். ஆற்றைக் கட்டுவதன் பலன் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தக் குறட்டையைத்தான் முதலில் சொல்வேன்.

நட்டம் மெதுவாகத்தான் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் பழைய வண்டலில் ஓடின. பிறகு மண் இறுகியது. கத்திரிக்காய் சிறுத்தது, விதை முற்றியது, வதக்கினால் தோல் தனியாகக் கழன்றது. உரம் வாங்கினார்கள். அதுவும் போதாமல் ஏரியில் அள்ளிய மண்ணை டிராக்டரில் வரவழைத்துப் படுகையில் கொட்டினார்கள். வரப்புகள் மறையாததால் கயிறு பிடிக்கிற வேலை இல்லாமல் போனது. எல்லைக்கல் நட்டார்கள். பக்கத்து நிலத்து அக்காவும் சித்தியும் எப்போதாவது பூசையில் சந்தித்துக்கொள்வதோடு சரி. மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஒருவர் நிலத்துக்கு ஒருவர் போக வேண்டிய காரணம்தான் இல்லாமல் போயிருந்தது.

பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. எங்கள் மாவட்டத்தில் என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறக்கமாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் மாடுகளோடு கரைமேல் நின்றிருந்தார்கள். பொறியாளர் சொன்னபடியே ஆறு உயரமாகப் போனது; கரையின் தோளைத் தொட்டுக்கொண்டு போனது. கசிந்த இடங்களில் இளைஞர்கள் மணல் மூட்டை அடுக்கினார்கள். கரை உடையவில்லை. ஆனால் ஆறு உயர்ந்திருந்ததால் வடிகால் மதகைத் திறக்க முடியவில்லை. ஊருக்குள் பெய்த மழைநீர் ஆற்றுக்குப் போக வழியின்றிப் படுகையில் தேங்கியது. கரைக்கு இந்தப் பக்கம் சித்தியின் முக்கால் ஏக்கரும் தெளிந்த தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஆறு செம்மண் நிறத்தில் கலங்கி ஓடியது. சித்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தத் தண்ணியில ஒண்ணும் இல்லப்பா. வேர அழுகவச்சிட்டுப் போயிடும்” என்றார். பிறகு ஆற்றைக் காட்டினார். “நம்ம வண்டல் அங்க போவுது. எங்க போவுது, சொல்லு.”

“கடலுக்கு, சித்தி.”

“கடல்ல யாரு கத்திரி போடப் போறா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, கரை வேண்டாமென்று சொல்லியிருக்கலாமோ என்று நான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“அந்த வராந்தாவுல இன்னொரு தடவ ஒக்காரவச்சுக் கேட்டாலும் கரைதான் வேணும்பேன். எல்லாரும் உசுரோட நிக்கிறமுல்ல. ஆனா அந்தச் சேத்துல கைய வுட்டு எத்தன வருசம் ஆச்சு, அதச் சொல்லு.”

கரை தாங்கியது, ஊர் பிழைத்தது என்று அன்று மாலை செய்தி அனுப்பினேன். அது உண்மைதான். ஒரு நிலத்துக்கு வண்டல் வராமல் போனதைச் செய்தியாக்க எனக்கு வழி தெரியவில்லை. அது ஒரு நாளில் நடந்த காரியம் இல்லை.

சித்தி போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. தூக்கத்திலேயே போனார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். நிலம் குத்தகையில் இருக்கிறது, சோளம் போட்டிருக்கிறார்கள். போன தை மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், கரையேறி ஆற்றின் பக்கம் இறங்கினேன். கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் குறுகிய ஒரு துண்டு நிலம் இருக்கிறது. யாருக்கும் பட்டா இல்லாதது. அங்கே புது வண்டல் காய்ந்து ஓடு ஓடாக எழுந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். அதே சத்தம். அடியில் அதே குளிர்ச்சி. திரும்பிப் பார்த்தால் கரைதான் தெரிந்தது. சித்தியின் வீடு தெரியவில்லை.

குனிந்து விரல்களைச் செருகினேன். கை மணிக்கட்டு வரை போனது. ஒரு கையில் செருப்பும் மறு கையில் காய்ந்த வண்டல் ஓடு ஒன்றுமாகக் கரையேறினேன். உச்சிக்கு வருவதற்குள் அது உள்ளங்கையில் பொடிந்துவிட்டது. பொடியைக் கரையின் உள்பக்கமாக உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.