மூன்றாவது கடையின் அடுக்களை

கள்ளுக்கடைக்குப் போய் வரும்படி என்னிடம் சொன்னது என் மாமியார். குன்னத்துகாலில் எங்கள் வீட்டை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மீன் கூடையோடு யாராவது வாசலில் நின்றுவிட்டுப் போனால்கூட முற்றத்தில் தண்ணீர் தெளிக்கிற சைவ வீடு அது.

என் கணவர் திருவனந்தபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் பாறசாலையிலிருந்து ரயிலில் போய் வருவார். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. ஆனால் அன்றும் கிளம்பிவிடுவார். நகரத்தை ஒட்டிய கடற்கரைப் பக்கம் எங்கெங்கே நல்ல கள் இறங்குகிறது என்று தேடிப் போவது அவருடைய பழக்கம். அதை அவர் ஒளிக்கவில்லை. "ருசி பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். சாயங்காலம் திரும்பி வந்து குளித்துச் சாப்பிடுவார். தள்ளாட்டமோ சத்தமோ கிடையாது. அந்த நிதானம்தான் எங்களைப் பயமுறுத்தியது.

கேரளத்தில் சாராயக்கடைகளை மூடின வருஷம் அது. சாராயம் குடித்தவர்கள் எல்லாம் கள்ளுக்கடைக்கு மாறிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. மாமியாரின் தம்பி ஒருவர் குடித்தே செத்துப்போனவர். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டே சொன்னார்:

"மக்கா, நாளைக்கு நீயும் அவங்கூடப் போ. நீ படிச்சவ. எத்தன கிளாஸ் குடிக்கான்னு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. அவஞ் சொன்னா நான் நம்ப மாட்டேன்."

"பிள்ள?"

"அவளையும் கொண்டு போ. நீ இல்லாம ஒரு மணிக்கூறு இருப்பாளா?"

இருக்க மாட்டாள். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். என் பாலைத் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்காது. புட்டிப்பாலை என் மேலேயே துப்புவாள். கொதித்து ஆறின தண்ணீர், நான்கு துணிகள், தெர்மாமீட்டர் எல்லாம் பையில் வைத்தேன். தெர்மாமீட்டர் இல்லாமல் அந்த நாட்களில் நான் கோவிலுக்குக்கூடப் போனதில்லை.

கணவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அம்மைக்க சி.ஐ.டி. ஆக்கும்?" என்றார். கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் கடை காயல் கரையில். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் பெரிதாக 'கள்ளு'. நான் உள்ளே போகவில்லை. பார்சல் கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்தேன். ஒரு பெண் கண்ணாடிக் குப்பியோடு வந்தாள். அப்ப மாவில் ஊற்றக் கள் வாங்க வந்தவள். என்னைப் பார்த்து, "அப்பத்தினா?" என்று மலையாளத்தில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பொய்யில் எனக்கு ரொம்ப நிம்மதி. அங்கிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தேன். கணவர் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். கள் இறக்குகிறவர், இடுப்பில் கத்தி தொங்க, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெழக்கு வரிசையில உள்ள மரம்தானே இது? உப்புக் காத்து படாத்தது" என்றார் கணவர்.

"சாருக்கு எப்பிடித் தெரியும்!" என்று அவர் சிரித்தார்.

வீட்டில் கணவர் தேங்காய் வாங்கி வந்தால் மாமியார் ஒவ்வொன்றாகத் திருப்பித் தட்டிப் பார்ப்பார். அலுவலகத்தில் அவர் எழுதுவதை மூன்று பேர் திருத்துவார்கள். ஒருவர் அவருடைய பதிலுக்காகக் காத்து நிற்பதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கிளாஸில் பாதி அப்படியே இருக்க அவர் எழுந்து வந்துவிட்டார். அரை என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடை துறைமுகத்துக்குப் போகிற வழியில். ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தார். "வாய் வெக்கல. வாசமே சரியில்ல, என்னவோ கலந்திருக்கான்." அதை நம்புவதா என்று யோசித்தேன். நெருங்கி நின்று மூச்சை முகர்ந்து பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் அத்தனை பேர் முன்னால் ஒரு மனைவி செய்கிற காரியமா அது? அவர் குனிந்து கொடுத்தார்.

மூன்றாவது கடையில் குடும்பத்தோடு உட்கார ஓலைத் தடுப்புகள் போட்டிருந்தார்கள். பசித்தது. மீனும் இறைச்சியும் எனக்கு ஆகாது என்பதால் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் வாங்கித் தந்தார். மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாயிலேயே உறைப்பு மண்டைக்கு ஏறியது. மேசையில் தண்ணீர் இல்லை. பையில் உள்ளது பிள்ளைக்கு. ஒரு மண்சட்டியும் அதிலிருந்து ஊற்றி நிறைத்த அவர் கிளாஸும்தான் இருந்தன.

"இது என்ன, அக்கானியா?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"காலையில எறக்கினது. இனிச்சுதான் கிடக்கும், இன்னும் மூத்துப் புளிக்கல்ல" என்றார்.

அக்கானி எங்களுக்குப் புதிதில்லை. பனையில் இறக்குகிற இனிப்பு நீர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பதால் புளிக்காது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுகூட மாமியார் வாங்கித் தந்திருக்கிறார். கிளாஸை எடுத்து முழுவதையும் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. கடைசியில் நாக்கில் சின்னதாக ஒரு குறுகுறுப்பு. சட்டியிலிருந்து இன்னும் பாதி ஊற்றிக் குடித்தேன்.

கணவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, மெதுவா. கள்ளைக் கள்ளு மாதிரி குடிக்கணும்."

"கள்ளா?"

"பின்ன? தெங்கங்கள்ளு. சுண்ணாம்பு போடாததுல்லா."

நான் பி.எஸ்சி. வேதியியல். சர்க்கரை எப்படி நுரைத்துச் சாராயமாக மாறுகிறது என்ற சமன்பாட்டை இன்றும் எழுதுவேன். சுண்ணாம்பு இல்லாத கள் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன? நாக்கு உறைத்தபோது அந்தப் படிப்பு எங்கே போனது?

அப்போதுதான் மகள் விழித்தாள். தலையைத் திருப்பி என் மார்பைத் தேடினாள்.

நான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். "இவளுக்கு இப்போ கொடுக்கக்கூடாது, கொடுக்கக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஒண்ணரைக் கிளாசு இளங்கள்ளுக்கா?" என்றார் கணவர். ஆனால் அவர் முகமும் வெளுத்திருந்தது. கரண்டியில் தண்ணீர் கொடுத்தோம். துப்பினாள். தாடை நடுங்க நடுங்க அழுதாள். அடுத்த தடுப்பிலிருந்து ஒருவர், "பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கொடுக்கப்பிடாதா? என்ன அம்மை இது?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அடுக்களை வழியாகப் பின்பக்கம் போனேன். பாலைப் பீய்ச்சிக் களைந்தால் நஞ்சு போய்விடும் என்று ஒரு எண்ணம். அது சரியா என்றுகூடத் தெரியவில்லை. தாய்ப்பாலை மிதிபடுகிற இடத்தில் ஊற்றக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்ததால், அழுகிற பிள்ளையோடு ஒரு தென்னை மரத்தடியைத் தேடி நின்றேன்.

"என்ன மக்கா, மாருல பால் கெட்டிக்கிடக்கா?" என்று ஒரு குரல். மீன்கறி வைக்கிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள் இருப்பாள். கொல்லங்கோட்டுப் பக்கத்துக்காரி போல, பேச்சு நம் பேச்சாகவே இருந்தது. அடுப்புக்கு எட்டத்தில் தொட்டில் கட்டி அவளுடைய பிள்ளையும் கிடந்தது.

விக்கி விக்கி நடந்ததைச் சொன்னேன். அவள் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியதை நான் பார்த்தேன். "இஞ்ச தா" என்று கையை நீட்டினாள்.

எத்தனை யோசனை வந்தது அந்த ஒரு நொடியில்! மாமியார் என்ன சொல்வார்? இவள் மீன் தின்பவள். இவளுக்கு ஏதாவது நோய் இருந்தால்? வெளியே தெரிந்தால்? மகளின் அழுகை அதற்குள் சத்தமில்லாமல் ஆகிக்கொண்டிருந்தது. கொடுத்தேன்.

மகள் முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். அடுக்களைப் புகையில், குடம்புளி மணத்தில், என் மகள் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. கணவர் கதவு வரை வந்து, பார்த்து, திரும்பிப் போய்விட்டார். நான் சாணம் மெழுகின தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிள்ளை தூங்கின பிறகுதான் கேட்டேன்: "நீ… இதெல்லாம் குடிக்க மாட்டியே?"

அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை குலுங்கியது. "கள்ளுக்கடையில வேலைக்கு நிக்கேன், கேக்கியா? காலையில கஞ்சிக்கு மின்ன ஒரு கோப்பை உண்டு. இவனுக்கு எட்டு மாசம், உருண்டுதான் கிடக்கான், பாரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஏன் பிறகு கேட்டேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளையைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

"பெத்த பிறகு நீ தசமூலாரிஷ்டம் குடிக்கல்லியா?" என்றாள் அவள்.

"இப்பவும் குடிக்கேன். ரெண்டு நேரம்."

"அது பின்ன என்னவாம்?"

அரிஷ்டம் செய்கிற விதம் மனதில் ஓடியது. கஷாயம், வெல்லம், புளிக்கவைக்கத் தாதிரிப்பூ. வாயை மூடிக் கட்டி ஒரு மாதம் வைக்கிற பானை. அதே சமன்பாடு. ஐந்து மாதமாக அவுன்ஸ் கிளாஸில் குடித்துவிட்டு, உடனே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும் ரயிலில் மகள் தூங்கினாள். நான் அவள் நெற்றியைத் தொட்டேன், மூச்சைப் பார்த்தேன், தெர்மாமீட்டரை எடுத்தேன். கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நான் சொல்லியிருக்கணும்" என்றார். நெய்யாற்றின்கரை தாண்டும்போது, "இனி போகல்ல" என்றார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கள் இறக்குகிறவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. 

மாமியார் வாசலிலேயே நின்றார். கணவர் குளிக்கப் போனதும், "எத்தன?" என்றார்.

"எல்லாங் கூடி ஒரு கிளாஸ் காணாது அத்தை. பாதியை வெச்சிட்டு எந்திச்சிருவாரு."

"நெசமா?"

"நெசம்."

அவர் முகம் அப்படி இளகி நான் பார்த்ததில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "நான்தான் ஒண்ணரைக் கிளாஸ் குடிச்சேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்களையையும், அவள் காலையில் குடித்த கோப்பையையும். மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு உள்ளே போனார். சாமி அறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். தசமூலாரிஷ்டக் குப்பியும் அவுன்ஸ் கிளாஸுமாக வந்தார். "மேலெல்லாம் வெசர்த்துக் கிடக்கு. இன்னைக்கு நேரமும் பிந்தியாச்சு. குடி."

மகள் விழித்து அழுதாள். மாமியார் அவளைத் தூக்கி என் மடியில் போட்டார்.

"கொடு."

"பயமா இருக்கு அத்தை."

"உச்சைக்குக் குடிச்சது. இப்போ விளக்கு வெச்சாச்சு. பிள்ள உன்னைத்தான் பாக்கா, கொடு."

"முதல்ல இவளுக்குக் கொடுக்கேன். அதைப் பிறகு குடிக்கேன்" என்று அரிஷ்டத்தைத் தள்ளி வைத்தேன்.   மகள் குடித்தாள். அவளுடைய முடியில் இன்னும் புகை மணம் இருந்தது. மாமியார் குனிந்து முகர்ந்தார். துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை.

"அவ பேரென்ன?"

"கேக்கல்ல அத்தை."

"பிள்ளைக்குப் பால் குடுத்தவ பேரக் கேக்காம வந்தியா? என்ன படிச்ச நீ?" அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். குளித்துவிட்டு வந்த மகனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"எலே, அடுத்த ரெண்டாஞ் சனிக்கு இவளைக் கொண்டு போணும், கேட்டியா? அந்தப் பிள்ளைக்கு ஒரு சட்டை தச்சு வெக்கேன்."

கணவர் துண்டால் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதப் பிள்ளைக்குச் சட்டை எந்த அளவு இருக்க வேண்டும் என்று மாமியார் கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். போதாது என்று பட்டது. இன்னும் கொஞ்சம் விரித்தேன்.